கடற்கரையில் கழிவாகும் செல்வமும் நம் இளைஞரும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக அறிவு விளக்கை ஏந்தி நிற்கும் நம் கழகத்தின் வெள்ளி விழாவில், கற்ற கல்வி நம் கைக்கு என்ன தொழிலைத் தரும் என்று ஆராய்வது பொருத்தமே. மண்டபம் முதல் பாம்பன், இராமேசுவரம் வரை நாள்தோறும் நம் கண்ணெதிரே வீணாகும் ஒரு செல்வத்தைப் பற்றிப் பேச விழைகின்றோம். அதுதான் மீன் கழிவு.

கழிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுள் சிலர் முகம் சுளிக்கலாம், அதில் தவறில்லை. செத்த மாட்டைச் சுமக்கவும், ஊர்க் குப்பையை அள்ளவும் பிறப்பின் பெயரால் ஏவப்பட்டவர்கள் நாம். 1927-ஆம் ஆண்டு மகாடு மாநாட்டில், செத்த விலங்கின் இறைச்சியையும் பிறர் எச்சத்தையும் விட்டொழியுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் நம் மக்களை அறைகூவி அழைத்தார். அவர் வழி நடக்கும் கழகம் கழிவைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம் என்பதே எங்கள் துணிபு. பிறர் கழிவைப் பிறப்பின் கட்டளையால் சுமப்பது அடிமைத்தனம். கழிவினுள் இருக்கும் பொருளை அறிவினால் பிரித்து, அதற்கு நாமே விலை வைத்து விற்பது தொழில். முன்னதில் கூடை மட்டுமே நம்முடையது. பின்னதில் கூடையும் கணக்கேடும் நம்முடையவை. இவ்வேறுபாட்டை இளைஞர்கள் நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மீனை அறுத்துச் சமைக்கும்போது தலை, குடல், செதில், முள் எனப் பெரும் பகுதி கழிந்துபோகிறது. இறாலிலோ தலையும் ஓடுமாகச் சேர்ந்து எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை கழிவாகிறது. விசைப்படகு வலையில் அகப்படும் சிறு மீன்களையும் உண்ணத் தகாத மீன்களையும் நம் கரையில் 'சங்காயம்' என்பர். அது மீன்தூள் ஆலைக்குச் சென்று கோழித் தீவனமாகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை மீன் ஒரு கிலோ மீன்தூளாகும். மீன் இறக்கும் தளத்தில் கூடை சுமப்பவரும், இறால் தோல் உரிப்பவரும், கருவாடு உலர்த்துபவருமாக நம் மக்கள் பலர் உள்ளனர். ஆனால் கழிவை விலை பேசி வண்டியில் ஏற்றிச் செல்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

வேண்டாதவை என எறிந்தவை விலை பெற்ற கதை நம் நாட்டிற்குப் புதிதன்று. கீழக்கரைச் சங்கு வங்காளத்திற்கு வளையலாகச் சென்ற காலத்தில், சங்கின் வாயை மூடும் நகம் போன்ற மூடியும் ஊதுவத்தி செய்வோரிடம் விலை போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நார்வே நாட்டுக் காட் மீன் எண்ணெய் வருவது நின்றதும், வைட்டமின் 'ஏ' நிறைந்த சுறா ஈரல் எண்ணெய்க்குத் திடீர் மதிப்பு உண்டாயிற்று. கோழிக்கோட்டில் சென்னை மாகாண அரசின் ஆலையே அதனை வடித்தது. போருக்குப் பின்னர் வைட்டமினை இரசாயன முறையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். எண்ணெயின் மதிப்பு வீழ்ந்தது. ஒரே பொருளை நம்பித் தொழிலை நிறுத்தலாகாது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இனி, நம்மால் இயலும் தொழில்களைக் காண்போம்.

முதலாவது, மீன் அமிலம். இதற்குப் பெரும் முதல் தேவையில்லை. புதிய மீன் கழிவு ஒரு கிலோவிற்கு வெல்லம் ஒரு கிலோ என்ற அளவில் சிறு துண்டுகளாக நறுக்கிக் கலந்து, பிளாஸ்டிக் வாளியில் காற்றுப் புகாமல் மூடி, நிழலில் மூன்று வாரங்களுக்குக் குறையாமல் வைத்தல் வேண்டும். வெல்லம் மீனின் சாற்றை இழுத்து நொதிக்கச் செய்து, அழுகலைத் தடுக்கிறது. வடித்த நீரில் 100 மில்லியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளிக்கலாம். இயற்கை வேளாண்மை பரப்பிய நம்மாழ்வார் அவர்களின் வழியில் வந்த உழவர்கள் இதனை நன்கு அறிவர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் விளையும் நிலங்கள் கடற்கரையிலிருந்து எட்டாத் தொலைவில் இல்லை. அந்த வயல்களில் கூலிக்குப் பழம் பறிப்பவர் நம் தாய்மார்கள். அவ்வயலுக்கு உரம் விற்பவராகவும் நாம் ஏன் ஆகக்கூடாது?

இரண்டாவது, மீன் கூழ்த் தீவனம். அரைத்த கழிவு 100 கிலோவிற்கு ஏறத்தாழ மூன்று கிலோ ஃபார்மிக் அமிலத்தைச் சேர்த்துக் கிளறி வைத்தால், மீன் குடலிலுள்ள செரிமானப் பொருளே அதனைக் கூழாக்கிவிடும். அமிலம் கெடாமல் காக்கும். தவிட்டுடன் கலந்து உலர்த்தினால் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகும். ஆனால் இந்த அமிலம் தோலையும் கண்ணையும் சுடும். கையுறையின்றித் தொடுவதும், இரும்புப் பாத்திரத்தில் வைப்பதும் கூடா.

மூன்றாவது, நெட்டி எனப்படும் மீனின் காற்றுப்பை. கூறல், கத்தாழை போன்ற மீன்களின் நெட்டி வெளிநாடுகளில் உணவாகவும், மது வகைகளைத் தெளிவிக்கும் பசையாகவும் பயன்படுகிறது. பெரிய கூறல் மீனை நெட்டிக்காகவே ஏலத்தில் உயர்த்திக் கேட்பார்கள். சிறு மீன்களின் நெட்டியையோ குடலோடு சேர்த்து எறிவோர் இன்றும் உளர். இரத்தமும் சவ்வும் நீக்கிக் கழுவி, மணல் படாமல் உலர்த்தும் பக்குவமே இதற்கு விலை. மணலில் பரப்பி உலர்த்தியதற்கும் வலைத்தட்டில் உலர்த்தியதற்கும் வணிகர் ஒரே விலை தரமாட்டார்.

நான்காவது, இறால் ஓடு. நீர்த்த அமிலத்தால் சுண்ணாம்பையும், நீர்த்த காரத்தால் புரதத்தையும் நீக்கினால் எஞ்சுவது கைட்டின். அதனைச் செறிந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் ஆகும். புண்ணுக்குக் கட்டும் மருந்துத் துணிக்கும், நீரைத் தெளிவிக்கவும், விதை நேர்த்திக்கும் அது பயன்படுகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இம்முறையை வகுத்துப் பயிற்சியும் அளித்துள்ளது. ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்லுதல் எம் கடமை. இத்தொழிலுக்கு நல்ல தண்ணீர் மிகுதியாக வேண்டும். கழிவு நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். குடிநீருக்கே குடத்துடன் அலையும் மாவட்டத்தில் இதனைக் குடிசையில் தொடங்கலாகாது. ஓட்டைக் கழுவி உலர்த்தி ஆலைக்கு விற்பதே நம் முதற்படி.

மீன் வளர்ப்போருக்கும் ஒரு சொல். கண்மாயிலும் ஊரணியிலும் கெண்டை வளர்த்தால், அறுவடைக்குப் பின் எடுக்கும் வண்டல் வயலுக்கு உரமாகும். ஆனால் கடலோர இறால் பண்ணைச் சேறு உப்பேறியது; அதனை நிலத்தில் கொட்டினால் நிலம் பாழாகும்.

தம்பிமார்களே, தங்கையரே! சில எச்சரிக்கைகளையும் கூறுகின்றோம். கழிவு சில மணி நேரத்தில் கெடும். பனிக்கட்டியும் தூய்மையும் இல்லையெனில் இலாபம் இல்லை. அண்டை வீட்டாரின் வசையே மிஞ்சும். கடல் அட்டை பிடிப்பது 2001 முதலும், சுறாத் துடுப்பு ஏற்றுமதி 2015 முதலும் தடை செய்யப்பட்டவை. விரைவில் பணம் என்று யாரேனும் அழைத்தால் செல்லாதீர்கள். அகப்பட்டுச் சிறை செல்பவர் சுமந்தவரே, சுமக்கச் சொன்னவர் அல்லர். மேலும், மீன்தூளுக்காகக் குஞ்சு மீனை வாரும் வலைக்கு நாம் துணை போகலாகாது. குஞ்சு அழிந்தால் மீனவர் பிழைப்பும் அழியும். அவரை நம்பிய நம் தொழிலும் அழியும்.

தனி ஒருவர் இதனைச் செய்தால், வணிகர் வைத்ததே விலை. பத்துப் பேர் சங்கமாகச் சேர்ந்து, எடைக்கல்லும் கணக்கேடும் வைத்துக்கொண்டால் பேரம் பேச இயலும். 1974-இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் நம் மக்களின் தொழிலுக்குக் கடனுதவி செய்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில், பிறருக்கு 40 விழுக்காடு வரை எனவும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 விழுக்காடு வரை எனவும் அரசு உதவி வகுக்கப்பட்டது. இத்தகைய உதவிகள் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் வீட்டிற்கே முதலில் வருகின்றன. ஆகவே விண்ணப்பம் எழுதுவது, பட்டியல் சரிபார்ப்பது, திட்ட மதிப்பீடு தயாரிப்பது ஆகியவற்றை நம் மாலைநேர வகுப்புகளில் கற்பித்தல் வேண்டும் என்று கழகத்தாரை வேண்டுகின்றோம்.

இறுதியாக ஒன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் முன்னோரை நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்த இடம் மண்டபம் முகாம். அங்கே அவர்களிடம் சோதிக்கப்பட்டது உடல் மட்டுமே. அறிவைக் கேட்டவர் இல்லை. அதே மண்டபம் முகாமில்தான், 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் தலைமையகத்தை 1971 வரை வைத்திருந்தது. அதன் ஆராய்ச்சி மையம் இன்றும் அங்கே உள்ளது. பாட்டன் கைகட்டி நின்ற அவ்வூருக்குப் பேரன் பேத்தியர் குறிப்பேட்டுடன் சென்று, வினாத் தொடுத்து, விடை பெற்று வரும் நாளே நம் கழகத்தின் உண்மையான வெள்ளி விழா நாள்.

அந்நாள் விரைந்து வருக! கழகம் வளர்க!