மருத்துவ பீட அனுமதியும் பழைய மாணவிகளாகிய நாமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இங்கே படித்து மருத்துவர்களாக வந்தவர்கள் சார்பில் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டோம். "அம்மா டொக்டர் என்றால் பிள்ளைக்கு மெடிசின் கிடைப்பது சுகம்தானே?" என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் கேட்கிறார்கள், ரொறன்ரோவிலும் கேட்கிறார்கள்.

இலங்கையின் அரச மருத்துவ பீடங்களைப் பொறுத்தவரை நேரடியான பதில், இல்லை என்பதே. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தாய் எங்கே படித்தார் என்பதற்குப் புள்ளி கிடையாது. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் கணக்கு. 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. 1970களின் தரப்படுத்தல் எமது பெற்றோரின் தலைமுறைக்கு விட்டுச்சென்ற காயம் நாம் அறிந்ததே. மாவட்ட முறை பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பேராசிரியரின் மகளுக்கும், பிறர் தோட்டத்தில் கூலிக்குக் கொத்துபவரின் மகளுக்கும் இசட் புள்ளிக் கணக்கு ஒன்றுதான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே முதலில் இளமாணிப் பட்டம், அதன் பின்னரே மருத்துவம். பல தனியார் பல்கலைக்கழகங்கள் பழைய மாணவரின் பிள்ளைக்கு இளமாணி அனுமதியில் நீண்டகாலமாகச் சலுகை காட்டி வந்துள்ளன. மருத்துவத்துக்குப் பேர்போன ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் அந்தச் சலுகையைக் கைவிட்டது. 2009இல் அங்கே சேர்ந்த இளமாணி மாணவரில் 12.5 வீதத்தினர் பழைய மாணவரின் உறவினர். 2019இல் அது 3.5 வீதம். அதே காலத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரச உதவிக்குத் தகுதிபெற்ற மாணவர் 9 வீதத்திலிருந்து 19 வீதமாகக் கூடினர். உதவித்தொகை போன்ற வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் குடும்பத்தின் பெயர் மருத்துவ பீட வாசலில் மட்டுமல்ல, அதற்கு முந்திய வாசலிலும் வேலை செய்கிறது என்பதை இது காட்டுகிறது.

எங்கள் நாட்டிலும் அந்த முந்திய வாசல் உண்டு. அது முதலாம் தர அனுமதி. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் அரச பாடசாலைகளில் 25 வீத இடங்களைப் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வந்துள்ளன. பெற்றோர் அந்தப் பாடசாலையில் எத்தனை ஆண்டு படித்தார், என்ன சாதித்தார் என்று புள்ளி போடப்படுகிறது. சங்க உறுப்புரிமைக்கும் அங்கே மதிப்பு உண்டு. ஐந்து வயதில் ஒரு சிறுமி நல்ல ஆய்வுகூடமும் அனுபவமுள்ள ஆசிரியர்களும் உள்ள பாடசாலைக்குள் வருவதும் வராமல் போவதும், பதின்மூன்று ஆண்டு கழித்து வரும் இசட் புள்ளியைத் தொடாமல் விடாது.

இந்த வாசலில் எங்கள் வயதினருக்கு ஒரு தனி வலியும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகளில் பலர் தென்மராட்சியிலும் வன்னியிலுமாக மூன்று நான்கு பாடசாலைகளில் படித்து முடித்தவர்கள். ஒரே கல்லூரியில் பதின்மூன்று ஆண்டு என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. சான்றிதழ்களைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். தாய் இடம்பெயர்ந்தாள் என்பதற்காக மகளுக்குப் புள்ளி குறைகிறது. சுற்றறிக்கை இதை எண்ணிச் செய்ததல்ல. ஆனால் பரம்பரைத் தொடர்பைப் புள்ளியாக்கினால், பரம்பரையாக ஓரிடத்தில் இருக்க முடிந்தவர்களுக்கே அது போய்ச் சேரும்.

உள்ளே வந்த பிறகும் வீட்டின் பங்கு நிற்பதில்லை. மருத்துவர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆள் உண்டு. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம், இரண்டாம் முறை எழுதுவது வெட்கமல்ல என்று அந்த வீட்டுக்குத் தெரியும். வழிகாட்ட யாருமில்லாத வீட்டில் முதல் தடவை புள்ளி போதாவிட்டால், "போதும் பிள்ளை" என்ற சொல்லோடு கதை முடிந்துவிடும். பல்கலைக்கழகத் தெரிவுகளை எந்த ஒழுங்கில் எழுதுவது, தாதியியல், மருந்தகவியல், சித்த மருத்துவம் என்று வேறு எவ்வளவு பாதைகள் உண்டு என்பவையும் வாய்வழியாகவே கைமாறும் அறிவு. தமிழில் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கில விரிவுரையில் அமர்வது எவ்வளவு திகைப்பு என்பதை, முன்னமே அனுபவித்தவர்தான் சொல்லித் தர முடியும்.

அப்படியானால் பழைய மாணவி என்ற உறவே கூடாதா? அப்படியல்ல. இந்த மண்டபமும் நூலகமும் அந்த உறவால் எழுந்தவை. தாயும் மகளும் பேத்தியும் ஒரே சீருடை அணிந்ததில் நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. அந்த உறவு பெற்ற பிள்ளைகளோடு நின்றுவிடாமல், கல்லூரியின் பிள்ளைகள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். வீட்டில் டொக்டர் இல்லாத பிள்ளைக்குச் சங்கம் ஒரு டொக்டர் அக்காவைக் கொடுக்கட்டும்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் நாம் நான்கு காரியங்களைத் தொடங்கலாம். முதலாவது, குடும்பத்தில் யாரும் பல்கலைக்கழகம் போகாத ஒவ்வோர் உயர்தர மாணவிக்கும் ஒரு பழைய மாணவியைப் பொறுப்பாக்குவது. மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அது சிட்னியிலிருந்தும் வரலாம். இரண்டாவது, இரண்டாம் தடவை எழுதும் பிள்ளைகளுக்கென ஒரு சிறு நிதி. மூன்றாவது, பரீட்சைக்கும் பல்கலைக்கழகத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஆங்கில வகுப்பு. நான்காவது, இடம்பெயர்ந்த காலத்தில் இங்கே ஓரிரு ஆண்டு மட்டுமே படித்தவர்களையும் தேடிச் சங்கத்தில் சேர்த்து, பழைய இடாப்புகளில் உள்ள பதிவுகளை எடுத்துக் கொடுக்க அதிபருக்கு உதவுவது.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் இந்த வாசலால் வரப் போவதில்லை. அதனாலேயே இந்தக் காரியத்துக்கு நீங்கள் மிகப் பொருத்தமானவர்கள். உங்களுக்கு இதில் சொந்த இலாபம் எதுவுமில்லை.

ஐந்து வயதில் இந்தக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலரின் தாய்மார் எமது சங்கப் பதிவேட்டில் இல்லை. அந்தப் பிள்ளைகளும் எமக்குத் தங்கைமாரே. கல்லூரித்தாய் இன்னும் ஒரு நூறு ஆண்டு வாழ்க என வேண்டி விடைபெறுகிறோம்.