முஸ்தபா ஏன் லேட்டா குத்தினான்? – ஒரு ஆர்கேட் பெட்டிக்கு டிவி தேடின கதை

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகத் தொகுத்து இங்கே தந்திருக்கிறோம்.)

வழக்கமா நாம இங்க வேலை, இன்டர்வியூ, கோடுன்னு பேசுவோம். இன்னிக்கு ஒரு டிவியைப் பத்திப் பேசப் போறேன். வீட்டிலேயே ஒரு ஆர்கேட் பெட்டி செஞ்சா அதுக்குள்ள எந்த டிவி வைக்கணும், அதுதான் விஷயம். கூடவே என் மாமாகிட்ட நான் கேட்க வேண்டியிருந்த ஒரு மன்னிப்பும் இதுக்குள்ள இருக்கு. அதுக்கு கடைசியில வரேன்.

முதல்ல மாமா யாருன்னு சொல்லிடறேன். அம்மாவோட தம்பி, பாளையங்கோட்டை. 90கள்ல ஸ்கூல் பையன். அப்ப அவங்க தெருவுக்குப் பக்கத்துல ஒரு வீடியோ கேம் கடை இருந்திருக்கு. காயின் போட்டு ஆடறது. அங்க மாமாதான் ராஜா. என்ன கேம்? நீங்களே சொல்லிடுவீங்க. முஸ்தபா! அந்த கேமோட உண்மையான பேரு 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. கேப்காம் 1993ல வெளியிட்டது. அதுல இருக்கிற நாலு பேர்ல ஒருத்தன்தான் முஸ்தபா. ஆனா நம்ம ஊர்ல கேமுக்கே அவன் பேரை வச்சுட்டாங்க. மாமா ஒரே காயின்ல கடைசி பாஸ் வரைக்கும் போவாராம், பின்னாடி கூட்டம் நிக்குமாம். சின்ன வயசுல நான் கேட்ட சூப்பர் ஹீரோ கதை இதுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி வேலைல கொஞ்சம் ஃப்ரீ டைம் கிடைச்சது. சரி, ஒரு ஆர்கேட் பெட்டி செஞ்சுடலாம்னு இறங்கினேன். பிளைவுட், ஜாய்ஸ்டிக், பட்டன், உள்ள ஒரு ராஸ்பெர்ரி பை 3. டிவி? அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லைங்க. ஆன்லைன்ல ஆஃபர்ல இருந்த 32 இன்ச் எல்இடி ஒண்ணை வாங்கி, அதுக்கு ஏத்த மாதிரி பெட்டியை அறுத்தேன். அங்கதான் தப்பு.

மாமா ஒரு கல்யாணத்துக்கு சென்னை வந்தவர், வேளச்சேரில என் ஃபிளாட்ல தங்கினார். பெட்டியைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. முஸ்தபாவை செலக்ட் பண்ணி ஆட ஆரம்பிச்சார். முதல் ஸ்டேஜே தாண்டலை. திரும்ப ஆடினார், திரும்ப அவுட். "ஏல, பட்டனை அமுக்கினா இவன் லேட்டால்லா அடிக்கான்"னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாமா, உங்களுக்கு வயசாயிடுச்சு, ஒத்துக்கோங்க." வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். ஆனா ஜாய்ஸ்டிக்கை விட்டுட்டுப் போய் சோஃபால உக்காந்தவர், ஊருக்குக் கிளம்பற வரைக்கும் அந்தப் பெட்டி பக்கம் வரலை.

அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. ஆபீஸ்ல ஒரு யூசர் வந்து "ஸ்லோவா இருக்கு"ன்னு சொன்னா நாம என்ன பண்ணுவோம்? அளந்து பாப்போம். மாமா சொன்னப்ப மட்டும் ஏன் நான் அளக்கலை? ஒரு ராத்திரி போனை எடுத்தேன். ஸ்லோ மோஷன், செகண்டுக்கு 240 ஃப்ரேம். விரல் பட்டனை அமுக்கற இடத்தையும், திரையில முஸ்தபாவோட கை நகர்ற இடத்தையும் ஒரே ஷாட்ல எடுத்து, நடுவுல எத்தனை ஃப்ரேம்னு எண்ணினேன். 38 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 4 மில்லி செகண்டுக்குச் சித்தே கூட. மொத்தம் 158 மில்லி செகண்ட். கேம் செகண்டுக்குக் கிட்டத்தட்ட 60 படம் காட்டுது. அதாவது மாமா அமுக்கி ஒன்பது படம் போன அப்புறம்தான் முஸ்தபா கையைத் தூக்கறான். மாமா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

எங்க போச்சு அந்த நேரம்? கொஞ்சம் கேம்லயும் பைலயும் போகுது, அதைத் தவிர்க்க முடியாது. மிச்சம் டிவிக்குள்ள. இப்ப வர்ற டிவி எல்லாம் ஒரு கம்ப்யூட்டர். வர்ற படத்தைப் பிடிச்சு வச்சு, பெரிசாக்கி, கலரைத் தூக்கி, அசைவை வழுவழுன்னு ஆக்கி, அப்புறம்தான் திரைக்கு அனுப்பும். சினிமா பாக்கறப்ப சத்தமும் அதே அளவு தள்ளி வர்றதால நமக்குத் தெரியாது. கேம்ல நம்ம விரல் முன்னாடி போயிடுது.

ரிமோட்டை எடுத்து 'கேம் மோட்' போட்டேன். 21 ஃப்ரேமுக்கு வந்துச்சு, சுமார் 88 மில்லி செகண்ட். ஒரே ஒரு செட்டிங்! மக்களே, வீட்ல எல்இடி டிவில கேம் ஆடறவங்க இந்த எபிசோடை பாஸ் பண்ணிட்டு அதை ஆன் பண்ணிட்டு வாங்க.

ஆனா இன்னொரு பிரச்சனை இருந்தது. படத்தோட வடிவம். அந்தக் காலத்து டிவி 4க்கு 3. இப்ப 16க்கு 9. முஸ்தபா கேம் 384க்கு 224 புள்ளி. அதை 4க்கு 3 திரையில காட்டணும்னு நினைச்சு வரைஞ்சிருக்காங்க. நான் அகல டிவில முழுசா இழுத்து விட்டிருந்தேன். அதனால எல்லாருக்கும் தொப்பை போட்ட மாதிரி இருந்தது. சரியான வடிவத்துல வச்சா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். 32 இன்ச் டிவில நிஜமா படம் தெரியறது 26 இன்ச் மட்டும்தான். அந்த வெத்து இடத்துக்கும் சேத்துத்தான் நான் பெட்டியை அகலமா செஞ்சு வச்சிருந்தேன்.

அப்புறம்தான் சிஆர்டி பக்கம் போனேன். பின்னாடி கூன் விழுந்த பழைய டிவி, பிக்சர் டியூப் டிவி. அது படத்தைப் பிடிச்சு வைக்காது. சிக்னல் வர வர கோடு கோடா வரைஞ்சுக்கிட்டே போகும். அந்தக் காலத்து கேம் செஞ்சவங்க இந்தக் கோட்டை மனசுல வச்சுத்தான் வரைஞ்சிருக்காங்க. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல மெல்லிசா இருட்டு, ஓரமெல்லாம் லேசா கரைஞ்சு நிக்கும். எல்இடில கட்டம் கட்டமா தெரியற அதே முகம், சிஆர்டில முகமாவே தெரியும்.

சரி, சிஆர்டிக்கு எங்க போறது? இப்ப யாரும் புதுசா செய்யறது இல்லை. பெரிசா வாங்கலாம்னா எடை. 29 இன்ச் ஒண்ணு 40 கிலோவைத் தாண்டும், என் ஃபிளாட் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பதான் ஒரு பொறி தட்டுச்சு. தமிழ்நாட்டுல எத்தனை வீட்டுப் பரண்ல 14 இன்ச் கலர் டிவி தூங்குது? 2006 தேர்தல்ல வாக்குறுதி கொடுத்து, அந்த ஆட்சி முடியற 2011 வரைக்கும் ஒரு கோடி வீட்டுக்கு மேல இலவசமா கொடுத்தாங்களே, அந்த டிவி! எங்க ஆச்சி வீட்ல ஒண்ணு இருக்கு. எடை பத்து கிலோ சுமார். 4க்கு 3. பின்னாடி ஏவி ஓட்டை இருக்கு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப பரண்ல ஏறி இறக்கினேன். தூசி தட்டி பிளக்கைச் சொருகினா, டொய்ங்னு ஒரு சத்தம், திரை முழுக்கப் புள்ளி. உயிரோட இருக்கு! ராஸ்பெர்ரி பையைக் கையோட கொண்டு போயிருந்தேன். பை 3ல ஹெட்ஃபோன் சொருகற அதே ஓட்டைல வீடியோவும் வரும். ஒரு எச்சரிக்கை: இதுக்கு விக்கற மூணு தலை கேபிள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனா சிலதுல உள்ள ஒயர் இடம் மாறியிருக்கும். படம் வரலைன்னா டிவியைத் திட்டாதீங்க, முதல்ல மஞ்சள் பின்னை மாத்தி சிவப்பைச் சொருகிப் பாருங்க. அப்பவும் வரலைன்னா வேற கேபிள்.

படம் வந்துச்சு. ஆனா கறுப்பு வெள்ளை. காரணம் பால். குடிக்கிற பால் இல்லைங்க, நம்ம ஊர் டிவியோட கலர் முறைக்குப் பேரு அது. செகண்டுக்கு 50 தடவை படம் வரையும். ஆர்கேட் கேம் எல்லாம் கிட்டத்தட்ட 60. அதுக்கு ஒத்துவர்றது அமெரிக்கா, ஜப்பான்ல இருந்த என்டிஎஸ்சி. நான் பையோட கான்ஃபிக் ஃபைல்ல என்டிஎஸ்சி ப்ரோக்ரெசிவ் மோட் போட்டிருந்தேன், அதோட நம்பர் 16. டிவி பாலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. மெனுல கலர் சிஸ்டத்தை 'ஆட்டோ'வுக்கு மாத்தினதும் கலர் வந்துடுச்சு. எல்லா டிவிலயும் இது வரும்னு சொல்ல முடியாது. அதனால பழைய டிவியை யார்கிட்ட வாங்கினாலும், 60 சிக்னல் கொடுத்து, படம் உருளாம கலரோட நிக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. அப்புறம், '100 ஹெர்ட்ஸ்'னு பெருமையா எழுதின சிஆர்டி இருந்தா விட்டுடுங்க. அதுவும் படத்தைப் பிடிச்சு வச்சுத்தான் காட்டும்.

என் பிளான் என்னன்னா, பிளாஸ்டிக் கூட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு டியூபையும் போர்டையும் மட்டும் பெட்டிக்குள்ள மாட்டறது. யூடியூப்ல அப்படித்தான் பண்றாங்க. ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்துட்டேன். ஆச்சி பாத்துட்டு, "ஏல, அது எனக்கு வந்த மொத கலர் டிவி. பிரிச்சுப் போட்டேன்னா இங்க சோறு கிடையாது"ன்னு போய், தெருமுனைல இருக்கிற மெக்கானிக் அண்ணாச்சியையே கூட்டிட்டு வந்துட்டாங்க.

அவர் வந்து சொன்னதை அப்படியே சொல்றேன். "தம்பி, பிளக்கைப் புடுங்கிட்டா கரண்ட் போச்சுன்னு நினைக்கியளா? டியூபுக்கு 20,000 வோல்ட் வாக்குல போவும். ஆஃப் பண்ணின பொறவும் உள்ள நிக்கும். பொறத்தால ஒல்லியா கழுத்து இருக்கு பாருங்க, அதுல சுத்தியல் பட்டா டியூபே போச்சு. இந்த வேலையை நான் 30 வருசமா பாக்கேன், இன்னும் பயந்துதான் கையை வைக்கேன்." ஸ்க்ரூ டிரைவரை அமைதியா கீழ வச்சேன். கோடு தப்பா எழுதினா திரும்ப ரன் பண்ணலாம். இதுல ரீஸ்டார்ட் கிடையாது.

அதனால முடிவு மாறுச்சு. டிவியைப் பிரிக்கறதில்லை, டிவிக்கு ஏத்த மாதிரி பெட்டி. ஆச்சியோட பழைய புடவைல சுத்தி, நெல்லை எக்ஸ்பிரஸ்ல சீட்டுக்கு அடியில வச்சுக் கொண்டு வந்தேன். புதுப் பெட்டில ஒரு பலமான தட்டு. பின் கதவு வழியா டிவியை முழுசா உள்ள தள்ளிடலாம். சூடு போக மேலயும் பின்னாடியும் இடைவெளி. முன்னாடி கறுப்பு அட்டையை வெட்டி பிளாஸ்டிக் ஓரத்தை மறைச்சேன். முதல்ல தனி ஸ்பீக்கர் ரெண்டு பக்கத்துல வச்சேன், திரை ஓரத்துல பச்சைக் கறை மாதிரி வந்தது. ஸ்பீக்கர் காந்தம் பண்ற வேலை அது. எடுத்துட்டு, டிவியோட சொந்த ஸ்பீக்கரையே விட்டுட்டேன். கரண்ட் போட்டதும் டிவி சேனல்ல போய் நிக்கும், ஏவிக்கு வராது. அதுக்கு அதோட முன் பட்டனுக்கு நேரா அட்டையில ஒரு விரல் ஓட்டை. அவ்வளவுதான்.

அளந்தேன். 14 ஃப்ரேம், சுமார் 58 மில்லி செகண்ட். அதே பை, அதே கேம், அதே பட்டன்.

அப்போ எல்லாரும் சிஆர்டி தேடணுமா? வேண்டாம். முதல்ல ஒரு பேப்பர்ல நீங்க நிஜமா ஆடப்போற பத்து கேமை எழுதுங்க. பேக்மேன், கேலகா மாதிரி நெட்டுக்குத்தான கேம்தான் அதிகம்னா, ஒரு எல்சிடி மானிட்டரைத் திருப்பி நிறுத்தறது நல்லது. சிஆர்டியைச் சாய்ச்சா பூமியோட காந்தத்தாலயே கலர் கலங்கும், திரும்ப டீகாஸ் பண்ணணும். வாங்கற மானிட்டர் ஐபிஎஸ் பேனலா இருக்கட்டும். டிஎன் பேனலைத் திருப்பினா பக்கத்துல நிக்கற ரெண்டாவது ஆளுக்குக் கலர் மாறித் தெரியும். பழைய ஆபீஸ் மானிட்டர்ல 1600க்கு 1200 கிடைச்சா விடாதீங்க. 240 வரியை அஞ்சால பெருக்கினா சரியா 1200. எல்இடி டிவிதான்னா கேம் மோட் இருக்கான்னு பாருங்க. மெயின் சுவிட்ச் போட்டதும் தானா ஆன் ஆகுதான்னும் பாருங்க, இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் ரிமோட்டைத் தேடணும். எதுவா இருந்தாலும் டிவியை முதல்ல முடிவு பண்ணுங்க, பிளைவுட்டை அப்புறம் அறுங்க. நான் தலைகீழா பண்ணி ஒரு முழு பிளைவுட்டை வீணாக்கினேன்.

இப்ப மாமா. போன மாசம் சென்னை வந்தார். பெட்டியைப் பாத்தார், ஒண்ணும் சொல்லலை. "இது ஆச்சி டிவில்லா?"ன்னார். நான் ஸ்லோ மோஷன் வீடியோ ரெண்டையும் போட்டுக் காட்டி, "மாமா, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. தப்பு டிவில இருந்தது. நான் உங்க வயசுன்னு சொல்லிட்டேன், சாரி"ன்னேன். ரெண்டாவது வீடியோவை அவர் முழுசா பாக்கவே இல்லை. பட்டன்ல கையை வச்சுட்டார்.

கடைசி பாஸ் வரைக்கும் எல்லாம் போகலைங்க, மூணாவது ஸ்டேஜ்ல அவுட். 44 வயசு, வயசும் கொஞ்சம் ஆயிடுச்சுதான். ஆனா எழுந்து சோஃபாவுக்குப் போகலை. "இன்னொரு காயின் போடுல"ன்னார்.

ஆச்சி போன்ல கேட்டது ஒண்ணே ஒண்ணு. "டிவி முழுசாத்தானல இருக்கு?" முழுசாத்தான் இருக்கு ஆச்சி. உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருந்தா, பழைய இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிளக்கைச் சொருகிப் பாருங்க மக்களே.