கடன் வாங்கலாமா? முதலில் ஒரு கணக்கு



கடனே வாங்காதே என்று சொல்வது சுலபம். சொல்லும் பெரியவர்களே விதைப்புக்கும் பெண் கல்யாணத்துக்கும் வாங்கிக் கட்டியவர்கள்தான். அதனால் அந்த உபதேசத்தை விட்டுவிட்டு, சென்னைத் தெருவில் பழம் விற்கும் ஒரு அம்மாவின் கணக்கைப் பார்ப்போம்.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2011-ல் வெளியிட்ட நூல் ஒன்றில் இந்த வியாபாரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காலையில் மொத்த வியாபாரியிடம் 1,000 ரூபாய்க்குச் சரக்கைக் கடனாக எடுத்தால், இரவில் சுமார் 1,047 ரூபாய் திருப்பித் தரவேண்டும். கிட்டத்தட்ட 5 வட்டி. மாதத்துக்கு இல்லை, ஒரே நாளுக்கு!

அந்த அம்மா ஏமாளியா? ஒரு நாளை மட்டும் பார்த்தால் இல்லவே இல்லை. சரக்கு பொழுது சாய்வதற்குள் 1,300 ரூபாய்க்கு விற்றுவிட்டால், 47 ரூபாய் போனாலும் 253 ரூபாய் கையில் நிற்கும். கடன் இல்லாவிட்டால் அன்றைக்கு வண்டியே கிளம்பியிருக்காது. ஆனால் அதே கடனை நூறு நாள் தொடர்ந்தால் வட்டியாக மட்டும் 4,700 ரூபாய் போயிருக்கும். நூற்றோராவது நாள் காலையிலும் அதே 1,000 ரூபாய்க்குக் கை நீட்டவேண்டும். தினம் 10 ரூபாயை ஒதுக்கி, மறுநாள் அவ்வளவு குறைவாகக் கடன் எடுத்து, அதனால் மிச்சமாகும் வட்டியையும் முதலோடு சேர்த்துக்கொண்டே வந்தால், நாற்பது நாளுக்குள் சொந்த முதல் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் அந்த 10 ரூபாய் நிற்காது என்பதையும் மறுக்க முடியாது. இவரைப் போன்ற தெருவோர வியாபாரிகளுக்காகவே மத்திய அரசு 2020-ல் பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்து, பின்னர் 15,000 ஆனது.

நம்மில் மாதச் சம்பளக்காரர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. மாதம் நூற்றுக்கு ரெண்டு வட்டி என்றால் சின்னதாகத் தெரிகிறது. வருஷத்துக்கு 24 சதவீதம். பத்து வட்டி என்றால் 120. நூறு நாள் தண்டலில் 9,000 ரூபாய் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 10,000 வசூலிப்பார்கள். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே! கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீத வட்டி. பைக் கடையில் சொல்லும் ‘ஃப்ளாட் ரேட்’ கதையும் இதுதான். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம், மூன்று வருஷம் என்றால், 30,000 வட்டியைச் சேர்த்து மாதம் 3,611 ரூபாய் கட்டுகிறோம். உண்மையான வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வரும்.

வட்டி தெரிந்தபின், இந்தப் பணம் என்ன சம்பாதிக்கும், வாங்குகிற பொருள் கடைசித் தவணை வரை உழைக்குமா என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்துத் தவணை தவறாமல் கட்டும் தமிழ்நாட்டு விவசாயிக்கு வட்டியே கிடையாது. அந்தக் கடனை யோசிக்காமல் வாங்கலாம். தையல் மெஷினுக்கு நகையை அடகு வைப்பதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். மூன்று நாள் கல்யாணத்துக்கு ஐந்து வருஷத் தனிநபர் கடன் என்றால், சொந்தக்காரர் கோபித்தாலும் சரி, வேண்டாம் என்பேன். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பது அதைவிட மோசம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரிடம் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பேசமுடியாது.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர்களுக்குப் புதிதாகக் கடன் கொடுக்கும்போது, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்பதை முக்கியத் தகவல் அறிக்கையாக, உங்களுக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், எழுந்து வந்துவிடுங்கள்.