காய்க்காத செடி

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "சார், நீங்க வீட்டுத் தோட்டம் பத்திப் பேசணும், பத்து நிமிஷம்" என்றார். "தோட்டமா? எங்க பெருங்குடி வீட்டில் இருப்பது ஒரே ஒரு செம்பருத்திச் செடிதானேப்பா" என்றேன். "அது போதும் சார்" என்று வைத்துவிட்டார். ஆகவே, அந்த ஒரு செடியைப் பற்றித்தான் இந்தப் பத்து நிமிஷமும்.

தாவரவியல் படித்தவர்களுக்கு லேப் நினைவிருக்கும். காலையில் அட்டெண்டர் ஒரு தட்டு நிறையச் செம்பருத்தி பறித்து வந்து வைப்பார். ஆளுக்கொரு பூ, ஆளுக்கொரு பிளேடு. ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ், குடும்பம் மால்வேசி. புல்லிவட்டத்துக்குக் கீழே இன்னொரு புறப்புல்லி வட்டம், ஐந்து இதழ், ஒரே குழாயாகக் கூடி நிற்கும் மகரந்தத் தாள்கள், உச்சியில் ஐந்து சிவப்புப் பொட்டுகளாகச் சூலகமுடி. சூற்பையைக் குறுக்கே வெட்டி ஐந்து அறைகளையும் ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கினோம். பருத்தி, வெண்டை, பூவரசு எல்லாம் இதற்குப் பங்காளிகள் என்று பரீட்சையிலும் எழுதினோம்.

ஒரு கேள்வியை மட்டும் நம்மில் யாரும் கேட்கவில்லை. வெண்டை காய்க்கிறது, பருத்தி வெடிக்கிறது, பூவரசங்காயைப் பம்பரமாகச் சுற்றியிருக்கிறோம். செம்பருத்தியின் காய் எங்கே? சூற்பை இருக்கிறது, உள்ளே சூல்கள் இருக்கின்றன. ஆனாலும் நம் வீடுகளில் உள்ள சிவப்புச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. காலையில் விரிந்த பூ மாலையில் சுருண்டு, உதிர்ந்து போகிறது. விதை இல்லாத இந்தச் செடி எப்படி ஊர் ஊராகப் போயிற்று? யாரோ ஒருவர் கொம்பை ஒடித்து இன்னொருவருக்குக் கொடுத்ததால்தான். அப்படியே கடல் தாண்டியும் போயிருக்கிறது. மலேசியா 1960-ல் தேசிய மலராக ஏற்ற 'புங்கா ராயா' நம் செம்பருத்தியேதான். அங்கேயும் அது வெளியிலிருந்து வந்து குடியேறிய செடி.

எங்கள் செடியும் அப்படி வந்ததுதான். மயிலாப்பூரில் நாங்கள் இருந்த பழைய வீட்டை 1994-ல் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். கிணற்றடியில் என் அம்மா வைத்த செம்பருத்தி நின்றிருந்தது. கடைசி நாள் அதில் ஒரு கொம்பை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பெருங்குடிக்குக் கொண்டு வந்தேன். அப்போது அது பேரூராட்சி. 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது.

முதல் பாடத்தைப் போர்வெல் தண்ணீர் கற்றுக் கொடுத்தது. எங்கள் தெருவில் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகியது, மொட்டு விரியாமலே உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கூட்டினேன். உரமும் ஒரு உப்புதான் என்பது எனக்கு உறைக்கவில்லை, செடி மேலும் வாடியது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது, மாடித் தண்ணீர் இறங்கும் குழியைச் செடிக்குப் பக்கத்திலேயே வெட்டினேன். இரண்டு மழைக்காலம் நல்ல தண்ணீர் இறங்கி மண்ணின் உப்பைக் கழுவியதும் இலை பச்சை பிடித்தது.

இரண்டாவது பாடம் பூச்சி. 2008-ல் கோவைப் பக்கம் முதலில் கண்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் அது விடவில்லை. செம்பருத்தியும் அதற்கு விருந்து. எங்கள் செடி சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்தது. கடையில் கேட்டு, இருப்பதிலேயே கடுமையான மருந்தாக வாங்கி அடித்தேன். பூச்சி பத்து நாளில் திரும்பி வந்தது. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் திரும்பவில்லை. 2010-ல் பெங்களூரு விஞ்ஞானிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே தெரியாத சிறு குளவிகள் மூன்று வகையை வரவழைத்தார்கள். வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை வளர்த்து வயல்களில் விட்டது. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். ஓரிரு வருஷத்தில் பெரிய தொல்லை அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் விஷ மருந்தைத் தொட்டதில்லை. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில். முக்கியமாக எறும்பைப் பாருங்கள். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பது அதுதான்.

மூன்றாவது பாடத்தில் நான் தோற்றேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை இங்கே பலருக்கும் நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்தான் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்ப வேண்டும். அந்த நிலத்தில் ஒரு பக்கம் குப்பையைக் கொட்டி, மறுபக்கம் கட்டடம் கட்டினோம். தண்ணீர் வேறு எங்கே போகும்? எங்கள் வாசலில் ஒரு வாரம் நின்றது. வடிந்த பிறகு வெயில் அடித்தது, செடி துவண்டது. தாகம் என்று நினைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். படித்தவன் செய்கிற காரியமா? வேருக்குக் காற்றில்லாமல் அழுகினாலும் இலை துவளத்தான் செய்யும். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. அம்மா போய்ப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு மறுபடி ஒரு தரம் போனது மாதிரி இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளத்துக்கு முந்தின ஆடி மாசம், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா வந்து, "தலைக்கு அரைச்சுத் தேய்க்க இலை வேணும் சார், ஒரு கொம்பு குடுங்க, நானே வச்சுக்கறேன்" என்று கேட்டார். என் மனைவி இரண்டு கொம்பு வெட்டிக் கொடுத்தாள். "பூஜைக்கு இருக்கற ஒரே செடியை இப்படி மொட்டையடிக்கறியே" என்று நான் சத்தம் போட்டேன்.

செடி செத்த செய்தி கேட்டு அந்த அம்மா வந்தார். "எங்கிட்ட இருக்குதே சார்" என்றார். எண்ணெய் டின்னில் வைத்திருந்தாராம். தண்ணீர் ஏறியதும் டின்னைத் தூக்கி மாடிப்படியில் வைத்துவிட்டாராம். அதிலிருந்து ஒரு கொம்பு வெட்டி எனக்குக் கொடுத்தார். இன்று எங்கள் வாசலில் பூப்பது அதுதான், என் அம்மா வைத்த அதே செடி. இதே செடி என்று நான் சொல்வது உணர்ச்சிவசப்பட்டு அல்ல. கொம்பில் வளர்ந்தது தாய்ச்செடியின் உடம்பேதான் என்று நம் பாடப்புத்தகமே சொல்கிறது.

மாணவர்களுக்குச் செய்முறை. பென்சில் கனத்தில், ஆறு அங்குல நீளத்தில், முற்றியும் முற்றாததுமான கொம்பாக எடுங்கள். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். செம்மண், மணல், மக்கிய உரம் சமமாக. நிழலில் வைத்தால் ஒன்றரை மாதத்துக்குள் வேர் பிடிக்கும். பிறகு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். தரையில் வைத்தால் ஒரு அடி மேடு கட்டி வையுங்கள், இது நான் விலை கொடுத்து வாங்கிய புத்தி. மழைக்காலம் முடிந்து தை மாதம் மூன்றில் ஒரு பங்கு வெட்டி விடுங்கள். புதுத் தளிரில்தான் மொட்டு வரும். வெட்டிய கொம்பை எறியாதீர்கள்.

வாசல் மேஜையில் வேர் பிடித்த பன்னிரண்டு செடிகள் வைத்திருக்கிறேன். ஒன்று நம் தாவரவியல் லேபுக்குப் பின்னால் வைக்க, முதல்வர் அனுமதி தந்திருக்கிறார். மற்றவை உங்களுக்கு. காசு வேண்டாம். அடுத்த வருஷம் இதே கூட்டத்துக்கு வரும்போது, அதில் ஒரு கொம்பை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும்.