சாகுமுன் செய்யவேண்டிய கடமை

(திண்டுக்கல்லில் பேசியதன் சாரம்)



செத்தவன் கருமாதிக்குக் கடன் வாங்கும் நம் ஜனங்கள், சாகக் கிடக்கிறவனுடைய வலியைக் "கர்மவினை" என்று விட்டுவிடுகிறார்கள். வலி வினையல்ல, வியாதியின் வேலை. புற்றுநோய் வலியை அடக்க மார்ஃபின் இருக்கிறது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பதரிதாகி, 2014இல்தான் சட்டம் தளர்ந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி தணிப்புச் சங்கம், அக்கம்பக்கத்தாரையே பழக்கி நோயாளியின் வீட்டுக்கு அனுப்பிற்று. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் தாதிகள் வீடு தேடி வர ஏற்பாடாயிற்று.

தாதி போனபின் இரவெல்லாம் விழித்திருப்பது யார்? அவ்வீட்டுப் பெண்ணல்லவா? ஆதலால் வேடசந்தூரானாலும் நிலக்கோட்டையானாலும், ஜாதி பாராமல் போய் ஓர் இரவு நாம் விழித்து, அவளைத் தூங்கவிடுவோம். காக்கைக்கு வைக்கும் பிண்டத்தைவிட அதுவே மேலானதென்போம்.