தன்மதம் கொள்ளுதல்: வடிவமைப்பு ஆய்வேட்டில் ஆய்வாளரின் நிலைப்பாடு



ஜெலெபு மாவட்டத்தின் தலைநகரான இக்கோலா கிளாவாங்கில் வழக்காறுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தாய்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்ட அடாட் பெர்பாத்தே என்னும் மரபு நெகிரி செம்பிலான் மக்களுடையது. நெடுங்காலம் சட்டநூலில் எழுதப்படாமல், மக்கள் நாவிலே பழகிய முதுமொழிகளில் வாழ்ந்த மரபு அது. அதற்கு ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், மகிழத்தக்க செயல். அதே வேளையில் இந்நகரைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்த தமிழரின் வாழ்க்கையும் பெரும்பாலும் எழுதப்படாத வாழ்க்கையே. பெரட்டு, நிரை, தீம்பார், மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். சொல்லோடு பொருளும், பொருளோடு அதனைக் கையாண்ட கையின் அறிவும் மறைகின்றன.

இன்று தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் கட்டடக் கலையும், பொருள் வடிவமைப்பும், எழுத்துரு வடிவமைப்பும் பயில்கின்றனர். இறுதியாண்டில் ஆய்வேடு எழுத வேண்டிய வேளையில் "உன் நிலைப்பாடு என்ன?" என்று அவர்களிடம் நெறியாளர் கேட்கிறார். மொழியியல் பயின்ற நமக்கு வடிவமைப்புத் தொழில் அன்று. ஆயினும் அந்தக் கேள்வி எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. தமிழ் இலக்கண மரபு அதற்கு மிகத் தெளிவான விடைகளை வைத்திருக்கிறது. ஆதலால் இவ்வுரைக்கு இதனையே பொருளாகக் கொண்டோம்.

தலைப்பு வேறு, நிலைப்பாடு வேறு

மாணவர் பலர் தலைப்பையே நிலைப்பாடு என்று கருதிவிடுகின்றனர். "தோட்டத் தமிழரின் வீடுகள்" என்பது தலைப்பு. "அவ்வீடுகளிலிருந்து இன்றைய அடுக்குமாடி வீடு எதனைக் கற்க வேண்டும்?" என்பது வினா. அவ்வினாவுக்கு ஆய்வாளர் தாமே பொறுப்பேற்றுக் கூறும், பிறர் மறுக்கத்தக்க விடையே நிலைப்பாடு. எவரும் மறுக்க இயலாத கூற்றில் ஆய்வாளர் எதனையும் பணயம் வைக்கவில்லை, அது பொதுச்செய்தி. "பண்பாட்டைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் அவையோர் தலையசைப்பர். ஆனால் அதைக்கொண்டு ஒரு நாற்காலியைக்கூட வரைய இயலாது.

வடிவமைப்பு ஆய்வில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1993இல் இலண்டன் அரச கலைக் கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃபிரேலிங் கலை, வடிவமைப்பு ஆய்வை மூவகையாகப் பிரித்தார்: வடிவமைப்பைப் பற்றி ஆராய்தல், வடிவமைத்தலையே வழியாகக் கொண்டு ஆராய்தல், வடிவமைப்புக்குத் துணையாக ஆராய்தல். லயத்து வீடுகளின் வரலாற்றை எழுதுவது முதல்வகை. ஒரு வீட்டு மாதிரியைச் செய்து, அதில் மக்களை அமர வைத்து, திருத்தித் திருத்தி அறிவு பெறுவது இரண்டாம் வகை. தாம் செய்வது எவ்வகை என்பதை மாணவர் முதலிலேயே தெளிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பாயிரம் கற்பிப்பது

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் பாயிரத்தோடு தொடங்குகிறது. சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்நூல்: நூலைச் செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அதன் யாப்பு, நூல் நுவலும் பொருள், கேட்பதற்கு உரியவர், அதனால் விளையும் பயன். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு.

இன்றைய பல்கலைக்கழகங்கள் ஆய்வாளரிடம் கேட்பவை இவையே. இதை எழுதுபவர் யார்? தோட்டத்தில் பிறந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா? எவரிடம் கற்றார்? எந்த எல்லைக்குள் இது செல்லும். ஜெலெபுக்கா, மலேசியத் தோட்டங்கள் அனைத்துக்குமா? எவருக்குப் பயன்? முதற்பக்கத்தில் இவற்றை நேர்மையாக எழுதிவைத்தால், ஆய்வாளர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது படிப்பவருக்குப் புலப்படும்.

வெளியார் ஆராயக்கூடாது என்று நாம் கூறவில்லை. பிரேசில் நாட்டைச் சேர்ந்த பெர்னாண்டோ டி மெல்லோ வர்காஸ் 2007இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் தமிழ் அச்செழுத்தின் தோற்றமும் வளர்ச்சியும் குறித்து ஆய்வேடு எழுதினார். 'ஃபிரீடா' என்னும் எழுத்துருவில் தமிழுக்கும் வடிவம் அமைத்தார். தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதலாக நெடிய வரலாறு உடையது. நம்மவரில் பலர் எண்ணிப்பாராத அவ்வரலாற்றை ஒருவர் கடல்கடந்து வந்து ஆராய்ந்தார். அவருக்கு அயலவர் என்னும் இடமே ஒரு பார்வையைத் தந்திருக்கலாம். எவ்விடத்தில் நிற்பினும், அவ்விடத்தை மறையாது கூறுவதே முறை.

எழுவகை மதம்

பாயிரம் ஆய்வாளரின் இடத்தைக் கூறுகிறது. அவர் கொள்ளும் கொள்கையை நன்னூல் 'மதம்' என்று வழங்கி ஏழாகப் பகுக்கிறது. பிறர் கொள்கைக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதனை நீக்குவது ஒன்று, தானே ஒன்றைத் தொடங்கி அதனை இறுதிவரை நிலைநிறுத்துவது ஒன்று, இருவர் மாறுபடுமிடத்து ஒருபக்கம் துணிவது ஒன்று, பிறர் நூலில் உள்ள குற்றத்தை எடுத்துக்காட்டுவது ஒன்று, பிறர் எவரோடும் சாராமல் தன் கொள்கையையே கொள்வது ஒன்று.

இவற்றுள் உடன்படுதலும் ஒரு மதமாகவே எண்ணப்பட்டிருப்பதை மாணவர் கருத வேண்டும். எல்லாவற்றையும் மறுத்தால்தான் சொந்த நிலைப்பாடு உண்டு என்பது பிழையான எண்ணம். முன்னோர் சொன்னதை ஆராய்ந்து, காரணம் காட்டி உடன்படுபவரும் நிலைப்பாடு உடையவரே. காரணம் காட்டாது உடன்படுபவருக்குத்தான் மதம் இல்லை.

தமிழ் எழுத்தின் வரலாற்றிலிருந்தே சான்று காட்டலாம். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களின் குறிலைப் புள்ளியே காட்ட வேண்டியிருந்ததால், புள்ளியில்லாத ஓலையில் குறிலும் நெடிலும் மயங்கின. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். குறில் நெடில் வேறுபாடு வேண்டும் என்பதில் மரபோடு உடன்பட்டார். அதனைக் காட்டும் வழியில் மாறுபட்டார்.

1935இல் பெரியார் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றுக்கு இருந்த தனி வடிவங்களை நீக்கி, பிற எழுத்துகளுக்கு உள்ள கால் குறியையும் ஐகாரக் குறியையுமே இவற்றுக்கும் இட்டார். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணை வழி அம்மாற்றம் பாடநூல்களில் நிலைபெற்றது. பின்னர் வா.செ. குழந்தைசாமி உகர ஊகார வரிசைகளையும் சீராக்க வேண்டும் என்று வாதிட்டார். எதிர்ப்பு எழுந்தது, அம்மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. குழந்தை கற்கும் எளிமையை ஒருபக்கத்தார் முன்வைத்தனர். அச்சான நூல்களெல்லாம் அடுத்த தலைமுறைக்கு அயலாகிவிடும் என்று மறுபக்கத்தார் அஞ்சினர். இரண்டிலும் உண்மை உண்டு. எழுத்துரு வடிவமைக்கும் மாணவர் இவ்விரண்டையும் அறிந்து ஒருபக்கம் துணிய வேண்டும். துணிந்தபின் மறுபக்கத்தார்க்கு என்ன இழப்பு நேரும் என்பதையும் எழுத வேண்டும். துணிவு என்னும் சொல்லுக்குத் தெளிவு என்றும் பொருள் உண்டு.

ஒரு மாணவியின் ஆய்வேடு

இனி, ஒரு சான்றை நாமே கற்பனை செய்துகொள்வோம். பால்மரம் வெட்டிய தாயின் மகள் ஒருத்தி கட்டடக் கலை பயில்கிறாள். தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. "லயத்து வீடுகளின் பொது முன்வாசலை அடுக்குமாடியில் மீட்டெடுக்க வேண்டும்" என்பது அவளது முதல் நிலைப்பாடு. அண்டைவீட்டார் ஒருவர்க்கொருவர் பிள்ளை பார்த்ததும், மாலையில் கூடிப் பேசியதும் அந்த முன்வாசலில்தான் என்று அவள் கேட்டு வளர்ந்தாள்.

வரைபடத்தைத் தாயிடம் காட்டுகிறாள். தாய் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வாசலு நல்லாத்தான் இருக்கும். ஆனா யாரு வீட்டுல என்னா சண்டைன்னு பத்து வீட்டுக்கும் கேக்கும்மா. கங்காணி கண்ணுக்குத் தெரியாம அங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார்.

இவ்விடத்தில்தான் ஆய்வேடு தொடங்குகிறது. லயத்தைக் கட்டியவர் அங்கு வாழ்ந்தவர் அல்லர். தொழிலாளரை ஓரிடத்தில் வரிசையாகக் குடியேற்றி எளிதில் கண்காணிக்கும் நோக்கமும் அவ்வரிசை வீட்டில் இருந்தது. அந்த வரிசைக்குள் மக்கள் உறவை வளர்த்துக்கொண்டது அவர்களது திறம். மாணவி மீட்க விரும்பியது மக்களின் திறத்தை. அவள் வரைந்ததோ முதலாளியின் திட்டத்தை. தாயின் ஒரு சொல்லால் அவ்விரண்டும் பிரிந்து தெரிந்தன.

இப்போது அவள் ஏற்றுக்கொண்டதில் ஒருபகுதியை நீக்குகிறாள். திருந்திய நிலைப்பாடு இவ்வாறு அமையலாம்: "தோட்டத்திலிருந்து குடிபெயர்ந்தோர்க்கு அண்டை வீட்டோடு பகிரும் முன்வாசல் தேவை, ஆனால் அதனைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே வாழ்பவரின் கையில் இருக்க வேண்டும்." இதனை மறுக்கலாம், மாதிரி செய்து சோதிக்கலாம், தவறெனில் தவறு புலப்படும். இதனைக்கொண்டு கதவின் உயரத்தையும், தட்டியின் இடைவெளியையும், வாசலின் அகலத்தையும் முடிவு செய்யலாம். கையை வழிநடத்தாத நிலைப்பாடு வடிவமைப்புக்கு உதவாது.

நாம் கற்ற பாடம்

நமக்கும் இவ்வாறு ஒரு திருத்தம் நேர்ந்தது. முனைவர் பட்டத்திற்குத் தோட்டத்துப் பேச்சுத்தமிழைத் திரட்டச் சென்றபோது, எழுத்துத்தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருந்தோம். ஒவ்வொன்றையும் சொல்லி, இதனை இங்கே எவ்வாறு திரித்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம். திரிபு என்பதே அன்று நம் நிலைப்பாடு. அதனை நாம் உணரவும் இல்லை. இரண்டாம் நாள் ஒரு மூதாட்டி, "நீங்க கேக்குற வார்த்தையெல்லாம் உங்க தாளுலயே இருக்கே தம்பி. நாங்க சொல்லுறத எப்பக் கேப்பீங்க?" என்றார். பட்டியலை மடித்து வைத்தோம். விடியலில் பெரட்டுக்கு எழுவது முதல் மங்குகளில் பால் சேர்த்து எடுத்துவருவது வரை ஒரு நாளின் வேலையைச் சொல்லச் சொன்னோம். அதன்பின் வந்த சொற்கள் எதற்கும் நம் பட்டியலில் இடமில்லை. அவை திரிபுகள் அல்ல. ஒரு தொழிலின் ஒழுங்கான கலைச்சொற்கள். ஆய்வேட்டின் முதல் இயலை மீண்டும் எழுதினோம். ஓராண்டு பிந்தியது; வருந்தவில்லை.

வடிவமைப்பாளர்க்கும் இதுவே வழி. 1958இல் இந்திய அரசுக்கு அறிக்கை அளித்த சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர், சாதாரணச் செம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அதனிடம் கேட்கத்தக்க வினாக்களை அடுக்கினர். எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எவ்வாறு பொருந்தும், நிறைந்தபோதும் வெறுமையானபோதும் எடை எவ்வாறு நிற்கும், எவ்வாறு கழுவுவது என்று அவ்வினாக்கள் விரிந்தன. தனி ஒருவர் வரைந்ததன்று, பல தலைமுறையினர் கைபட்டு உருவானது அது என்பதே அவர்கள் கண்ட உண்மை. அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. ஒரு மங்கையும் ஓர் உளியையும் நம் மாணவர் இவ்வாறு வினவட்டும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

மாணவரின் முதல் நிலைப்பாடு பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். அதனை உடனே திருத்திக் கொடுத்துவிட்டால் அது ஆசிரியரின் நிலைப்பாடாகிவிடும். எவரிடம் சென்று கேட்டால் அது அசையுமோ, அவரிடம் மாணவரை அனுப்புக. முதலில் எழுதியதையும், மாறியதையும், மாற்றிய காரணத்தையும் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்க. தேர்வாளர் முன் மாணவர் தடுமாறும்போது அவரைத் தாங்கி நிறுத்துவது அக்குறிப்பேடே.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஆய்வேட்டுக்கு வேண்டிய நூல்கள் நூலகத்தில் காத்திருக்கும். அந்தத் தாயும் மூதாட்டியும் காத்திருக்க மாட்டார்கள். இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் வரைபடத்தை எடுத்துச் செல்லுங்கள், அவர்களிடம் காட்டுங்கள், அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் நீங்கள் கொள்ளும் மதம் எதுவாயினும் அது உங்களுடையதாக இருக்கும்.