ஒரே உலை

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேரிக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையும் வழிபாடும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இறையியல் படித்த தோழர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். நான் அதெல்லாம் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது எங்க சபை ஒண்ணுதான். மதுரைக்குத் தெற்கே கண்மாய்க் கரையில் நாற்பது வீடு. ஓட்டுக் கட்டடம் ஒன்று, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு ஒன்று. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்க போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். சிரிக்காதீங்க, தென்மாவட்டச் சபைகள் பலவற்றிலும் அப்படித்தான். பார்ப்பனியத்தை விட்டு ஓடி வந்தவன் அந்தப் பேரையும் கையோடு தூக்கிட்டு வந்துட்டான். ஐயருக்குப் பத்துப் பன்னிரண்டு ஊர். மாசத்துக்கு ஒரு ஞாயிறு வருவார், திருவிருந்து கொடுப்பார், அடுத்த ஊருக்குப் போவார். மத்த நாளெல்லாம் உபதேசியார்தான். ஆராதனையும் ராத்திரி எட்டு மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையும் களையெடுப்பு உண்டே! வேலை முடிஞ்சு, குளிச்சு, உலையை இறக்கி வச்சுட்டுத்தான் பொம்பளைங்க கோயிலுக்கு வர முடியும்.

அந்த உலையிலிருந்துதான் எங்க பக்தியே தொடங்குது. கைப்பிடி அரிசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். கூலி கிடைக்காத வாரம் பிடி சிறுத்துப்போகும், நிற்காது. எங்க அம்மாவிடம் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொன்னால் பாதியில் தடுமாறுவாள். அந்தப் பானையை ஒரு நாளும் மறந்ததில்லை. அம்மாவின் விசுவாசப் பிரமாணம் அந்தப் பானைதான் என்பது என் எண்ணம்.

முன்பெல்லாம் இந்த அரிசியை ஏலம் விட்டு உபதேசியார் சம்பளத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது பாதி அரிசியைத் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்திலேயே பொங்குகிறோம். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சோற்றில்தான் எல்லாமே இருக்கு.

இதே மதுரையில் 1840களில் அமெரிக்க மிஷன்காரர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். சாதியை விட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, பல சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். வேதத்தைக் கரைத்துக் குடித்த உபதேசிமார் பலர் சாப்பிட மறுத்தார்கள். வேலையே போனாலும் போகட்டும் என்று போனார்கள். இயேசுவின் ரத்தம் என்று பாத்திரத்தை ஏந்த முடிந்தது, பறையன் பொங்கின சோற்றைத் தொட முடியவில்லை. இதுவும் புதுசு இல்லை. கொரிந்து சபையில் வசதியானவன் முந்திச் சாப்பிட, கூலிக்காரன் பசியோடு இருந்தான் என்று பவுல் கோபப்பட்டு எழுதியிருக்கிறாரே, அதுவும் பந்திச் சண்டைதான்.

முற்றத்தில் பொங்குவது நாங்களாகக் கண்டுபிடித்ததல்ல. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், 2005இல் காலமானார். அவர் எழுதிய கிராமிய இசை வழிபாடு அவரிடம் படித்தவர்கள் வழியாக எங்க ஊருக்கு வந்தது. கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடத் தெரியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பொம்பளைங்க அன்றைக்குத்தான் தொண்டை திறந்து பாடினார்கள். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட வைத்தார் அவர். பிதா என்றால் அப்பன் மட்டும். பெத்தவர் என்றால் ஆத்தாளும் அதில் வந்துவிடுகிறாள். 'ஒரு ஒலை' என்பது அவருடைய இறையியல். ஒரே குடும்பம் என்பதற்கு அடையாளம் ஒரே உலையில் பொங்குவது. பாகம் பிரிந்தால் முதலில் பிரிவது உலைதான். அப்படியானால் திருவிருந்தும் கூடிப் பொங்கிச் சாப்பிடும் சோறாக இருக்க வேண்டும் என்றார்.

அந்த வழிபாட்டோடு பறையும் வந்தது. அதில்தான் சண்டை. எங்க பெரியப்பா சின்ன வயசில் ஊர்க்காரன் சாவுக்கெல்லாம் பறையடித்தவர். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்குப் பறையைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தவர். "அதை அடிக்கக் கூடாதுன்னுதானடா வேதத்துக்கு வந்தேன், இப்ப பீடத்துக்கு முன்னாடியே கொண்டாந்து வைக்கிறீங்க" என்று எழுந்து போய்விட்டார். பறை விடுதலைக் கருவி என்று நாம் மேடையில் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அடிமைத் தொழிலாக அதைச் சுமந்தவனிடம் போய் நாம் பாடம் நடத்த முடியாது. இன்றும் பறை ஒலிக்கிற வரைக்கும் அவர் வெளியே புங்க மரத்தடியில்தான் இருப்பார். பந்திக்கு மட்டும் வருவார்.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். எங்க சபையில் பாதிப்பேருக்கு இரண்டு பெயர். கோயில் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவைத் தவிர மற்றவன் பட்டியல் சாதி ஆக மாட்டான் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்னும் வெளியே. மதத்தைப் பார்க்கக் கூடாது என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொல்லியும் நடக்கவில்லை. ஊர்க்காரன் அடிக்கும்போது மதம் பார்ப்பதில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடப் போனால்தான் மதம் கேட்கிறார்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்குத் தவறாமல் போகிறவர் என்பதுதான் அவருக்கு எதிராகப் பேசிய சாட்சி. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதம் சொல்வது மோசடி என்கிறது தீர்ப்பு. நம்பிக்கையை மறைக்க வைத்தது யார் என்ற கேள்வி அதில் இல்லை. தீர்ப்புச் செய்தி வந்த வாரம், உபதேசியார் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கோயில் பீரோவிலிருந்து எடுத்துத் தன் வீட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். எங்க சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எடுக்காதே என்று சொன்னவன் நான். ஆகவே ஐயர் வரும் ஞாயிறு அவளுக்கு அப்பமும் இல்லை, பாத்திரமும் இல்லை. மற்றவர்கள் முழங்காலில் நிற்கும்போது பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் சாதி செய்த வேலையை இன்றைக்கு அரசாங்கத்தின் காகிதம் செய்கிறது, அதற்கு நானும் உடந்தை. முற்றத்து உலையில் மட்டும் யாரும் யாரிடமும் பதிவேடு கேட்பதில்லை. போன மாதம் அரிசி களைந்து போட்டவளே அவள்தான். அப்பம் வாங்கினவர்கள் பதினேழு பேர். வெளியே தட்டு வைத்தபோது எண்பதுக்கு மேல்.

அந்தப் பதிவேட்டை என்ன செய்வது என்று உபதேசியார் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கிழித்துப்போட அவருக்கு மனசு வரவில்லை, எங்க தாத்தா பெயரெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் படிக்கிற தோழர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.